முகவரி இல்லாத நாணயம்

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளக் கோரிக்கையைப் பற்றிச் செயலாளர் பேசுவார். நாம் பேச வந்தது நாய்ப் படமும் தவளைப் படமும் போட்ட நாணயங்களைப் பற்றி. சிரிக்காதீர்கள். நம் லயத்தில் நாலு வீட்டுப் பணம் அதில் போயிருக்கிறது.

இத்தோட்டத்தில் மனு எழுதுவது கிராணியாகிய நம் வேலை. கூலி குறைந்தால் நிர்வாகத்துக்கு எழுதுவோம். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் தொழில் இலாகாவுக்கு. எதற்கும் ஒரு முகவரி உண்டு. போன மாதம் பால் வெட்டும் அண்ணன் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்து, "ஐயா, போன பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு கடுதாசி எழுதுங்கள்" என்றார். யாருக்கு என்று கேட்டோம். பையன் கைத்தொலைபேசியைக் காட்டினான். ஒரு டெலிகிராம் குழு. அதுவும் கலைந்து போயிருந்தது. பணமோ, 2024 மே முதல் நினைத்தபோது எடுக்கலாம் என்று சேமநிதியில் வந்ததே மூன்றாம் கணக்கு, அதிலிருந்து எடுத்த 1,800 வெள்ளி.

பையனை நாம் ஏச மாட்டோம். குறைந்தபட்சச் சம்பளத்தை 2025இல் 1,700 வெள்ளியாக்கினார்கள். மோட்டார் சைக்கிள் கடனும் அரிசிக் கடையும் போக அதில் என்ன மிஞ்சும்? பத்து வெள்ளி ஆயிரமாகும் என்று எவனாவது சொன்னால் காது கொடுக்கத்தான் தோன்றும்.

மீம் நாணயம் என்பது வேடிக்கைப் படத்தை வைத்து வெளியிடுவது. 2013இல் இரண்டு பொறியாளர்கள் கேலிக்காகத் தொடங்கிய டோஜ்காயின் இதில் மூத்தது. 2021 மே மாதத்தில் 70 அமெரிக்கக் காசைத் தாண்டி, அடுத்த ஆண்டே 10 காசுக்கும் கீழே போயிற்று. அதையாவது விற்க முடிந்தது. 2021 அக்டோபரில் 'ஸ்குவிட் கேம்' தொடரின் பெயரில் ஒரு நாணயம் வந்தது. தொடர் எடுத்தவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு காசு அளவில் தொடங்கியது, நவம்பர் 1ஆம் தேதி 2,800 டாலரைத் தாண்டியது. வாங்க வழி வைத்தவர்கள் விற்க வழி வைக்கவில்லை! சில நிமிடங்களில் விலை பூஜ்யத்துக்கு வந்தது. படைத்தவர்கள் 30 லட்சம் டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டு மறைந்தார்கள்.

"பெரிய மனிதர்களே சொல்கிறார்களே" என்றான் பையன். 2025 பிப்ரவரி 14இல் அர்ஜென்டினா ஜனாதிபதி மிலேய் 'லிப்ரா' என்ற நாணயத்தைப் பற்றி எழுதினார். ஏறியது, சில மணி நேரத்தில் சரிந்தது. அவர் எழுதியதை அழித்துவிட்டார். வாங்கியவன் எதை அழிப்பான்?

வாளி நிறையப் பால் வந்தாலும் நிறையை மட்டும் பார்த்து நாம் கணக்கு எழுதுவதில்லை. மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிறோம். இந்த நாணயத்தில் எதைப் பார்ப்பது? தோட்டமில்லை, தொழிற்சாலையில்லை, லாபத்தில் பங்கில்லை. மலிவாகக் கையில் வைத்திருக்கும் முதல் ஆட்கள் விற்பதற்கு, வாங்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நம் பையன்.

நம் பாட்டன்மாரும் பணம் போட்டவர்கள்தாம். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டினார்கள். அந்தப் பணம் தோட்டமாக நின்றது. உறுப்பினன் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். கேட்டுச் சண்டையும் போட்டிருக்கிறார்கள்.

அண்ணனுக்குப் போலீஸ் புகார்தான் எழுதிக் கொடுத்தோம். ஏமாற்றியவன் பெயர் வரவேண்டிய இடத்தில் 'தெரியாது' என்று எழுத நேர்ந்தது. இவ்வளவு வருஷத்தில் நாம் அப்படி எழுதியதில்லை.

ஏமாற்றுக்காரனுக்கு வங்கிப் பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 997க்கு அழையுங்கள். நாள் கடத்தினால் பிடிப்பது கடினம். எந்தச் சந்தை பதிவு பெற்றது, எது எச்சரிக்கைப் பட்டியலில் உள்ளது என்பதை செக்யூரிட்டீஸ் கமிஷன் வெளியிடுகிறது, பார்த்துச் சொல்கிறோம். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்போம். பணம் போடுமுன் கைத்தொலைபேசியோடு வாருங்கள். போட்டுவிட்டவர்களும் வெட்கப்படாமல் வாருங்கள்.