சம்மதப் பத்திரமும் வியாபார தர்மமும்

(காரைக்காலில் கூடிய நமது சங்க மாதாந்தக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



யான் வழக்கறிஞனல்லன், கடைவீதியிலே காலங்கழித்த வியாபாரி. ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் நம் ஒவ்வொருவருடைய இல்லத்தையும் கல்லாப்பெட்டியையும் தொடுவதாகலின், பிழை பொறுத்துக் கேட்டருளுமாறு வேண்டுகின்றேன்.

முற்காலத்தில் பத்திரம் எழுதினால் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர் கேட்பார், சாட்சிகள் அருகிருப்பர். இக்காலத்திலோ கைப்பேசியில் சிறு கட்டமொன்றை விரலால் தொட்ட மாத்திரத்தில், 'நிபந்தனைகள் அனைத்தையும் படித்தேன், ஒப்புகின்றேன்' என்று எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடுகிறது. படித்துத் தொட்டவர் இச்சபையில் எத்தனை பேர்? யான் கை தூக்கேன்.

சம்மதம் என்னும் சொல்லின் கனத்தை நம் காரைக்கால் நன்கறியும். 19-ஆம் நூற்றாண்டில் ரெயூனியோன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் நம் துறையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாய்த் தமிழ் மக்கள் கப்பலேறினர். ஒப்பந்தம் 5 ஆண்டு. ஏறியவருள் எழுத்தறியாதார் பலர். 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையானது, செல்பவர் மனமுவந்து செல்கின்றாரா, ஒப்பந்தத்தின் தன்மையும் போகுமிடமும் பிரயாண காலமும் அவருக்குத் தெரியுமா என்பதைக் கப்பலேறுமுன் ஆங்கிலேய ஏஜெண்டு அறிந்துகொள்ளவேண்டும் என்று விதித்தது. விதி நல்லதே. எனினும் முறைகேடுகள் ஒழிந்தபாடில்லை. 1882-இல் ரெயூனியோனுக்கும், 1888-இல் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் ஆளனுப்புவது நிறுத்தப்பட்டது. பத்திரத்திலே கைநாட்டு இருந்தது. இட்டவர் நெஞ்சிலே பொருள் விளங்கவில்லை. இதுவே யான் சொல்லவந்ததன் சாரம்.

சட்டமும் இதனையே கூறுகிறது. 1872-ஆம் வருஷத்திய இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, இருவர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புவதே சம்மதம் என்கிறது. பலாத்காரம், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான கூற்று, பிழை ஆகியவற்றால் விளைந்த சம்மதம் சுயேச்சையானதன்று என்பது 14-ஆம் பிரிவு. 2000-ஆம் வருஷத்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 10-ஏ பிரிவு, மின்வழி செய்ததென்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாதுபோகாது என்கிறது. ஆகவே, விரலால் தொட்டதும் கையொப்பம் போலவே கட்டுப்படுத்தும்; கையொப்பத்திற்குள்ள குற்றங்கள் அனைத்தும் அதற்கும் உண்டு. ஆனால் உயில் இம்முறையில் எழுதலாகாது. அது காகிதத்திலேயே இருத்தல்வேண்டும்.

இனி, 'எங்கள் பொறுப்பல்ல' என்னும் வாசகத்தை நோக்குவோம். சென்னையில் ஒரு சலவைக் கடைக்காரர், துணி தொலைந்தால் விலையில் பாதியே தருவோம் என்று ரசீதில் அச்சிட்டிருந்தார். புடவையை இழந்தவர் வழக்காடினார். 1966-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் திரட்டில் வெளிவந்த சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு, அந்நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமாகலின் செல்லாது என்றது. அஃது ஒப்புக்கொள்ளப்படின், புதுப்புடவையைப் பாதி விலைக்குத் தமதாக்கிக்கொள்ளக் கடைக்காரருக்கே ஆசை பிறக்குமன்றோ? அன்றியும், வழக்காடும் உரிமையை அறவே பறிக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி வெறுங்காகிதமே. 2019-ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகளைச் செல்லாதனவென்று அறிவிக்க மாநில ஆணையத்திற்கு அதிகாரம் தந்திருக்கிறது.

நம்மவர் பலர் திருநள்ளாற்று யாத்திரிகர்க்கு விடுதி நடத்துகின்றனர். வாடகைக்குக் கார் விடுகின்றனர். தேய்ந்த சக்கரத்துடன் வண்டியை விட்டுவிட்டு, கைப்பேசிப் படிவத்தில் 'விபத்திற்குப் பொறுப்பல்ல' என்று எழுதியிருப்பது நம்மைக் காக்குமென நம்புவது பேதைமை. புதுச் சக்கரமே நல்ல காப்பு.

ஒன்றிற்குத் தந்த சம்மதம் மற்றொன்றிற்கு ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும். பரிசோதனைக்கு மட்டும் ஒப்பிய ஒரு பெண்மணிக்கு, அவர் மயக்கத்திலிருக்கையில் தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டனர். அது முறையான சம்மதமன்று என்று 2008-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கொள்கையை மேலும் தெளிவாக்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் பற்றிய கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளன. சம்மதம் சுயேச்சையாய், குறிப்பிட்ட காரியத்திற்காய், விஷயமறிந்து, ஐயமறத் தரப்படவேண்டும், மௌனம் சம்மதமாகாது. தேவைக்கு மேற்பட்ட விவரம் கேட்டுப் பெற்றாலும் அச்சம்மதம் தேவையளவே செல்லும். வாரியத்தில் முறையிடும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினால் அப்பகுதி செல்லாது. தந்தவர் அதனை எளிதில் திரும்பப் பெறலாம். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அறிவிப்பைத் தமிழிலேயே படிக்கும் வாய்ப்பும் தரப்படல் வேண்டும்.

அன்பர்களே! பிறரைப் பற்றிப் பேசிவிட்டு நம் வீட்டை மறத்தலாகாது. நமது சங்கம் வரன் பதிவேட்டைக் கைப்பேசிப் படிவமாக மாற்றியிருக்கிறது. நோக்கம் நன்று. ஆனால் அங்கத்தினர் ஒருவருடைய குமாரத்தியின் படமும் ஜாதகமும் எண்ணும் முன்பின் அறியாதார் கைக்குச் சென்று, அப்பெண் எத்தனையோ அழைப்புக்களால் அல்லலுற்றாள். கேட்டபோது, 'படிவத்தில் ஒப்புதல் தந்திருக்கின்றீர்களே' என்று நம்மவர் விடை கூறினர். ஒப்பியவர் தகப்பனார், பெண்ணைக் கேட்டவர் யார்? எவர் எவர்க்குக் காட்டப்படும் என்று எந்த வரியில் எழுதியிருந்தோம்? அன்று கப்பலேற்றிய ஏஜெண்டைக் குறைகூறும் வாய், இதற்கு யாது விடையிறுக்கும்?

ஆதலின் யான் பிரேரேபிப்பது நான்கு. படிவம் எளிய தமிழில், பத்து வரிக்குள் அமையட்டும். பதிவாகும் மகனோ மகளோ தாமே சம்மதிக்கட்டும். விவரம் யாருக்கு, எவ்வளவு காலம் என்பது எழுதப்படட்டும். விவாகம் முடிந்ததும், அல்லது வேண்டாமென்றதும், பெயர் நீக்கப்படட்டும். இவ்வொழுங்கையே நம் கடைகளிலும் அனுஷ்டிப்போமாக. வாடிக்கைக்காரர் அறிந்து தரும் சம்மதமே நமக்கும் பாதுகாப்பு; அறியாமையால் பெற்றது ஒருநாள் நம்மையே கட்டும்.