முகவரியில்லா ஓலை
(வெள்ளக்கடைப் பொழிவு)



முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விரித்துரைக்கின்றது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கிப் பலரறியப் படிக்க வேண்டும் என்பது அதன் விதி. நிலமும் நான்மறைக் கல்வியும் உடையார்க்கே உரியதாக இருந்த அத்தேர்தல் எல்லார்க்கும் பொதுவானதன்று. எனினும் விரித்த கை நமக்கொரு பாடம். ஓலையை மாற்ற இடங்கொடாத வெளிப்படையே தேர்தலுக்கு உயிர்.

இன்றோ மூடிய கையினின்று ஓலைகள் வருகின்றன. 2019-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலின்போது, வாட்சாப் எனும் புலனத்தில் ஒரு செய்தி நாடெங்கும் பரவிற்று. பட்டியலில் பெயர் இல்லாதவரும் ஆதார் அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம் என்றும், ஆய்வுக்குரிய வாக்குகள் நூற்றுக்குப் பதினான்கைக் கடந்தால் மறுதேர்தல் நடக்கும் என்றும் அது கூறிற்று. இரண்டும் பொய். பெயர் இல்லையேல் வாக்கு இல்லை. ஒருவர் வாக்கை மற்றொருவர் முன்னரே இட்டுவிட்டாராயின், 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதி 49-பி-யின்படி அவர் ஆய்வுக்குரிய வாக்கு அளிக்கலாம். பதினான்கு என்னும் கணக்கு எவ்விதியிலும் இல்லை. அச்செய்தியை நம்பியவர் பட்டியலைப் பாராதிருந்து, தேர்தல் நாளில் வெறுங்கையுடன் திரும்புவார். பொய்யின் பயன் அதுவே.

கடல் கடந்தும் இதே சூழ்ச்சி நடந்தது. 2011 மே 2-ஆம் நாள், ஈழத் தமிழ்மகள் இராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்திற்குத் தேர்வான அதே தேர்தலில், குவெல்பு நகர வாக்காளர் 6000-க்கும் மேற்பட்டோர்க்குப் பொறிக்குரல் அழைப்புகள் சென்றன. தேர்தல் ஆணையத்தின் பெயரால் வந்த அக்குரல், சாவடி வேறிடத்திற்கு மாறிற்று என்றது. மாறவேயில்லை! அக்குற்றத்திற்காகக் கட்சிப் பணியாளர் ஒருவர் 2014-இல் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆயினும் அலைக்கழிந்தவர் இழந்த வாக்கு மீளவில்லை.

சிற்றூர்கள் சிதறிக்கிடக்கும் இச்சேர்வராயன் மலையில் அத்தகைய பொய்யொன்று வருமாயின் என்னாகும்? ஏறியும் இறங்கியும் நடந்து வரும் மூதாட்டி, தவறான சாவடிக்குச் சென்றபின் மீண்டும் நடப்பாளா? ஏற்காடு பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பெற்ற தொகுதி. அவ்வுரிமையைப் பறிக்கப் படைவேண்டா, ஒரு துண்டுத்தாள் போதும்.

ஆகலின் விழித்திருங்கள். 1951-ஆம் ஆண்டு மக்கள் சார்பாண்மைச் சட்டம், பிரிவு 127-அ, ஒவ்வொரு தேர்தல் துண்டறிக்கையிலும் அச்சிட்டோர், வெளியிட்டோர் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும் என்கின்றது. கையில் வாங்கியதும் முதலில் அதைத் தேடுங்கள். இல்லையேல் அத்தாளை வைத்திருந்து தேர்தல் அலுவலரிடம் கொடுங்கள். சாவடி எது என்பதைத் தொலைபேசிக் குரல் சொல்லக் கேளாதீர். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ, 1950 என்னும் எண்ணிலோ கேட்டறிக. எழுத்தறிந்த இளைஞர், அறியாத முதியோர்க்குப் படித்துக் காட்டுக.

பெயர் சொல்லத் துணியாதவன் சொல்லுக்குச் செவி கொடாதீர். விரித்த கையை நம்புக. மூடிய கையைத் திறக்கச் சொல்லுக!