மூன்று பொத்தான், ஐந்து கோடு



புனேயில் கணபதி ஊர்வலம் பார்த்திருப்பீர்கள். பேண்டு செட்டில் ஒரு பித்தளைக் குழல் எல்லாவற்றுக்கும் மேலே ஒலிக்கும். அதுதான் டிரம்பெட். அதை ஊதிப் பிழைத்த ஒருவரைப் பற்றி இன்று பேசுகிறேன்.

முதலில் கருவியைச் சொல்கிறேன். நாதஸ்வரத்துக்குச் சீவாளி உண்டு. டிரம்பெட்டுக்கு இல்லை. ஊதுகிறவரின் உதடுதான் சீவாளி. சுருண்ட குழாயை நீட்டினால் கிட்டத்தட்ட ஐந்தடி வரும். மேலே மூன்று பொத்தான்கள். பொத்தானை அழுத்தினால் காற்று இன்னும் சுற்றிப் போகும். சுரம் இறங்கும். மூன்றே பொத்தானில் எல்லாச் சுரமும் எப்படி வரும்? மீதி வேலை உதட்டுக்கு. உதட்டை இறுக்கினால் சுரம் ஏறும். சில நாள் பழகாமல் விட்டால் உதடு காட்டிக்கொடுத்துவிடும்.

பிராங்க் பெர்னாண்ட் 1919-இல் கோவாவில் குர்ச்சோரெம் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அங்கே போர்த்துகீசியர் ஆட்சி. மாதா கோயிலை ஒட்டிப் பள்ளிகள் இருந்தன. அங்கே பிள்ளைகளுக்கு இசையை எழுதவும் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து கோடு போட்டு, கோட்டின் மேலும் இடையிலும் புள்ளி வைக்கும் எழுத்து அது. அந்த எழுத்துதான் கோவா இளைஞர்களுக்குப் பம்பாயில் சோறு போட்டது.

பிராங்க் பம்பாய்க்குப் போனார். ஓட்டல்களில் ஜாஸ் இசைக் குழுக்களில் ஊதினார். 1946-இல் முசூரியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் நம் நாட்டு ராகங்களை ஜாஸில் வாசிக்கும் ஆசை அவருக்கு வந்தது.

பிறகு இந்திப் படங்களுக்கு வந்தார். இசையமைப்பாளர்களுக்கு உதவியாளராக இருந்தார். அது என்ன வேலை? இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். பலருக்கு அதை எழுதத் தெரியாது. உதவியாளர் எழுதுவார். வயலினுக்கு ஒரு தாள், டிரம்பெட்டுக்கு ஒரு தாள். ஐம்பது பேர் இருந்தாலும் தாளைப் பார்த்து ஒன்றாக வாசிப்பார்கள். அந்தக் காலத்தில் பாட்டு முழுவதும் ஒரே மூச்சில் பதிவாகும். ஒருவர் தப்பினால் எல்லாரும் முதலிலிருந்து! வயலின் பிசகு கூட்டத்தில் மறையலாம். டிரம்பெட் பிசகு எங்கே மறையும்?

ஆனால் படம் ஓடும்போது இசையமைப்பாளர் பெயர் வரும். ஊதியவர் பெயர் பெரும்பாலும் வராது. இது நியாயமா? எனக்கு அப்படிப் படவில்லை. சிலருக்கு முகமாவது தெரிந்தது. சிக் சாக்லேட் என்று ஒரு டிரம்பெட்காரர். உண்மைப் பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். 1951-இல் வந்த 'அல்பேலா' படத்தில் தன் குழுவோடு திரையிலேயே வந்தார்.

பிராங்க் வேறு வழி கண்டார். தாமே கொங்கணியில் படம் எடுத்தார். 1963-இல் 'ஆம்செம் நொசீப்', 1966-இல் 'நிர்மோண்'. 2007-இல் காலமானார்.

பழைய படங்களைக் காக்கும் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964-இல் இதே புனேயில் தொடங்கியது. ராணுவ பேண்டு வீரர்கள் மத்தியப் பிரதேசத்தில் பச்மடியில் இன்றும் அந்த ஐந்து கோட்டு எழுத்தைக் கற்கிறார்கள்.

மேசை மேல் ஒரு டிரம்பெட் வைத்திருக்கிறேன். வந்து ஊதிப் பாருங்கள். முதல் தடவை வெறும் காற்றுதான் வரும். உதட்டைச் சேர்த்து வைத்து மறுபடி ஊதுங்கள்.