நெசவாளியையே ஈடு வைத்த சாசனம்
(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



பிரபு வம்சங்கள் என்றதும் பிரான்ஸ் தேசத்தைச் சொல்வார்கள். அங்கே கீஸ் வம்சத்தார் மன்னனையே மிரட்டுமளவு வளர்ந்தார்கள். 1588-இல் அந்த வம்சத்து ஹென்றி பிரபுவை மன்னனே ஆள்விட்டுக் கொன்றான். அந்த நாட்டில் 'தைல்' என்ற வரியைக் குடியானவன் கட்டினான். பிரபுக்களுக்குப் பெரும்பாலும் விலக்கு. 1789 ஆகஸ்ட் 4 இரவில்தான் அந்தச் சலுகைகளுக்குச் சாவுமணி அடித்தது.

ஆனால் பிரபு வம்சத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. அதுதான் தாமர்ல வம்சம்.

விஜயநகர ராயரின் கீழ் இந்தக் கடற்கரைச் சீமையை ஆண்டவர்கள் இரு சகோதரர்கள். வந்தவாசியில் வேங்கடப்பர், பூந்தமல்லியில் ஐயப்பர். தகப்பனார் சென்னப்பர். அவர் பெயரால்தான் சென்னப்பட்டணம்.

அப்போது பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613 முதல் கோட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு வடக்கே ஆர்மகானில், அதாவது துர்க்கராஜப்பட்டணத்தில், இங்கிலீஷ் கும்பினிக்கு வியாபாரம் சரிப்படவில்லை. பிரான்சிஸ் டே என்பவர் தெற்கே வந்து பார்த்தார். இங்கே துணி நூற்றுக்கு இருபது மலிவு என்று எழுதினார். மலிவு என்றால் என்ன? நெசவாளியின் கூலி மலிவு என்றுதானே அர்த்தம்?

1639-இல் வேங்கடப்பர் சாசனம் கொடுத்தார். கோட்டைக்கு இடம், நாணயம் அடிக்க உரிமை. பட்டணத்து வருமானம் இரண்டு வருஷம் முழுதும் கும்பினிக்கு, பிறகு பாதிப் பாதி. இதற்கு ஈடாக நாயக்கர் எதிர்பார்த்தது என்ன? பாரசீகக் குதிரைகள்! வங்காளத்திலிருந்து வல்லூறு, குரங்கு, கிளி வாங்கிவர ஆள் அனுப்ப வசதி! பகைவர் வந்தால் ஒளிந்துகொள்ள ஒரு கோட்டை! இதைக் கும்பினிக்காரர்களே கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சாசனத்தில் இன்னொரு ஷரத்து உண்டு. அதைக் கவனமாகக் கேளுங்கள். வியாபாரிக்கும், துணியில் சித்திரம் எழுதுபவனுக்கும், நெசவாளிக்கும் கும்பினி முன்பணம் கொடுக்கலாம். முன்னதாக நாயக்கரிடம் சொல்லி, 'இவன் நம்பத் தகுந்தவன்' என்று அவர் வாக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அவன் தவறினால், நாயக்கர் பணத்தைக் கட்டுவார். அல்லது தம் சீமையில் எங்கே அகப்பட்டாலும் ஆளையே பிடித்து ஒப்படைப்பார்!

தறியில் உட்கார்ந்தவனை யாராவது கேட்டார்களா? பிரபுவும் கும்பினியும் கைகுலுக்கினார்கள். ஈடாக எழுதப்பட்டது நெசவாளியின் உடல். பட்டணம் பிறந்த கதையைச் சொல்பவர்கள் இந்த ஷரத்தைச் சொல்வதில்லை.

1640-களிலேயே கோல்கொண்டா படை வந்தது. சகோதரர்களின் அதிகாரம் போயிற்று. வம்சம் போகவில்லை. காளஹஸ்தி ஜமீன்தார்களாக வெள்ளையன் காலம் முழுவதும் நீடித்தது. விவசாயிகளின் போராட்டங்களுக்குப் பிறகு, 1948-ஆம் வருஷத்துச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம்தான் ஜமீன் முறைக்கு முடிவு கட்டியது.

நாயக்கர் போனார், கும்பினி போயிற்று, ஜமீன் போயிற்று. முன்பணம் போயிற்றா? நம் திருவள்ளூர் ஜில்லாச் சூளைகளில் ஒரிஸ்ஸா உழைப்பாளிகள் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்டிருக்கிறார்களே! தரகர் அன்றைய நாயக்கர் வேலையைச் செய்கிறார்: ஆளுக்கு உத்தரவாதம் சொல்கிறார், ஓடினால் பிடித்துத் தருகிறார்.

ஒரு வித்தியாசம் உண்டு. அன்று சாசனம் பிடிப்பவன் பக்கம் இருந்தது. இன்று 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் உழைப்பவன் பக்கம் இருக்கிறது. அப்படிக் கட்டிவைத்த கடன் செல்லாது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கட்டிவைத்தவனுக்கு மூன்று வருஷம்வரை சிறை. கலெக்டரிடம் புகார் கொடுக்கலாம்.

சட்டம் தானாக நடந்து சூளைக்கு வராது, தோழர்களே. பக்கத்துக் கொட்டகையில் பாஷை தெரியாமல் அடைந்து கிடப்பவனிடம் நாம்தான் போக வேண்டும். 'எவ்வளவு முன்பணம் வாங்கினாய்? ஊருக்குப் போக விடுகிறார்களா?' இந்த இரண்டு கேள்விகளை இந்த வாரமே கேளுங்கள்.