ஆற அமர வாழ்வோம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இம்மேடையில் கற்றறிந்த சான்றோர்கள் பேசுவார்கள். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒரு சாதாரண மனிதன். ஆகவே திருமுறை விளக்கமோ தத்துவமோ சொல்லப் போவதில்லை. அவசரத்தால் நான் இழந்த ஒன்றைப் பற்றிச் சொல்லவே வந்திருக்கிறேன்.

காலையில் ஒருவரை ஒருவர் கண்டால் மலேசியத் தமிழர்களாகிய நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "பசியாறிட்டீங்களா?" என்றுதானே! எவ்வளவு அழகான சொல்! பசி ஆறியதா என்று கேட்கிறோம். ஆறுவதற்கு நேரம் வேண்டும். ஆனால் இன்று எந்த ஒட்டுக்கடையிலும் பாருங்கள். ஒரு கையில் ரொட்டி சானாய், மறு கையில் கைத்தொலைபேசி. கடைக்காரர் தே தாரிக்கை உயர்த்தி உயர்த்தி ஆற்றுகிறார். நமக்கோ அதுவரை நிற்கப் பொறுமையில்லை. வயிறு நிறைந்துவிடுகிறது, பசி ஆறுவதில்லை. 'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை' என்னும் பழமொழி நம்மைப் பார்த்துத்தான் பிறந்ததோ என்று தோன்றுகிறது.

ஆலயத்திலாவது நிதானம் உண்டா? நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தலையில் எண்ணெய்க் குடத்தைச் சுமந்துகொண்டு நடந்தால் எப்படி நடப்பாளோ, அப்படிப் பிரதட்சிணம் செய்ய வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். நாமோ வெளியே நிறுத்திய காருக்குச் சம்மன் விழுமோ என்று எண்ணிக்கொண்டே மூன்று சுற்றுச் சுற்றுகிறோம். கால் சந்நிதியைச் சுற்றுகிறது. மனம் காரைச் சுற்றுகிறது!

நம் பினாங்கில் தைப்பூசத்திற்கு முந்திய நாள் வெள்ளி ரதம் புறப்படுவதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1894ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்த ரதம் அது. பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலைச் சாலைக்குக் காரில் போனால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? முருகப் பெருமானோ காலையில் புறப்பட்டு இரவில்தான் போய்ச் சேருகிறார். வழியெல்லாம் தேங்காய் உடைப்பவருக்காக நிற்கிறார். தட்டேந்திய பாட்டிக்காக நிற்கிறார். தந்தையின் தோளில் அமர்ந்திருக்கும் குழந்தைக்காகவும் நிற்கிறார். ஆண்டவனுக்கே அவசரமில்லை. நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இனி என் கதைக்கு வருகிறேன். என் தாயார் மணமகளாகப் பினாங்குக்கு வந்த புதிதில், துறைமுகத்தில் வேலை செய்த என் தந்தையார் அவரை முதன்முதலாக அழைத்துச் சென்ற இடம் கொடிமலை. 1923ஆம் ஆண்டு முதல் ஓடிய மலை ரயில் அது. ஆயர் ஈத்தாமில் ஏறினால் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மேலே போய்ச் சேர அரை மணி நேரம் பிடிக்கும். நாங்கள் பிறந்த பிறகும் பள்ளி விடுமுறையில் அம்மா தூக்குச் சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு எங்களை அழைத்துப் போவார். ரயில் காட்டுக்குள் ஊர்ந்து செல்லும்போது, ஜன்னலருகே தெரியும் பெரணிச் செடிகளை எங்களுக்குக் காட்டுவார். மேலேயுள்ள முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கீழே ஜார்ஜ் டவுனையும் கடலையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் கெடாவின் ஜெராய் மலையும் தெரியும். செலவு அதிகமில்லை. அம்மாவின் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியைப் பிறகு தீபாவளியில்கூட நான் கண்டதில்லை.

2008ஆம் ஆண்டில் அம்மா கேட்டார்: "தம்பி, ஒருநாள் அந்த ரயில்ல என்னை மேலே கூட்டிட்டுப் போப்பா." "அடுத்த வாரம் பார்ப்போம்மா" என்றேன். ஆண்டுக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. பிறகு மகளுக்குப் பரீட்சை வந்தது. பிறகு வீடு மாற்றினோம். அடுத்த வாரம் வரவேயில்லை. 2010 பிப்ரவரியில் பழைய ரயிலை நிறுத்திவிட்டார்கள். "புது ரயில் வரட்டும்மா, சீக்கிரமா ஏறிடலாம்" என்று சமாதானம் சொன்னேன். அம்மா சிரித்தார். "எனக்கென்னப்பா அவசரம்? ஆடி அசைஞ்சு போனதுதானே நல்லா இருந்துச்சு" என்றார். அவ்வாண்டு முடிவதற்குள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

2011 ஏப்ரலில் புது ரயில் ஓடத் தொடங்கியது. பெட்டி மாற வேண்டியதில்லை. பத்து நிமிடத்திற்குள் உச்சிக்குப் போய்விடலாம். முதியோர்க்கும் கூட்டத்திற்கும் அது நல்ல வசதி. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று மேலே போய் நின்றபோது, எனக்கு மிச்சமான இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதை யாரோடு செலவழிக்க வேண்டுமோ, அவர் இல்லை.

அன்பர்களே, என் தாயார் நினைவாக ஆண்டுதோறும் அன்னதானத்திற்கு என்னால் இயன்றதைக் கொடுத்து வருகிறேன். மன நிறைவோடுதான் கொடுக்கிறேன். ஆயினும் ஒவ்வொரு முறை ரசீது வாங்கும்போதும் ஓர் எண்ணம் என்னைச் சுடும். அம்மா என்னிடம் கேட்டது பணமல்ல, ஒரு காலைப் பொழுது. அதை உயிரோடிருந்தபோது கொடுத்திருக்கலாம்.

இங்கே கொடையாளர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் தருமத்தால் எத்தனையோ பேர் பசியாறுகிறார்கள். அந்தத் தருமத்தில் உங்கள் வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்கள் அருகே உட்காருங்கள். கேட்ட கதையையே மறுபடி சொன்னாலும் கேளுங்கள். ஒரு வேளை உணவையாவது தொலைபேசியை ஒதுக்கி வைத்துவிட்டு உண்ணுங்கள். சந்நிதியை ஒரு சுற்றாவது எண்ணெய்க் குடம் சுமந்தவள்போல் சுற்றி வாருங்கள். இதற்கெல்லாம் செல்வம் வேண்டாம், மனம் ஒன்றே போதும்.

இன்று அன்னதானம் உண்டு. தயவுசெய்து யாரும் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் யாரென்று கேட்டு, பேசி, ஆற அமர உண்டு செல்லுங்கள். எல்லாம் வல்ல முருகப் பெருமான் நம் எல்லார்க்கும் நிதானமும் நிறைவும் அருள்வானாக என்று வேண்டி விடை பெறுகிறேன்.