பழைய கார்களும் ஏலச் சுத்தியலும்

“ஒரு தரம்… இரண்டு தரம்… மூன்று தரம்!” இந்தச் சொற்களை நானும் ஒரு முறை என் வாயால் கூற நேர்ந்தது. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பயனற்றவை என்று கழிக்கப்பட்ட பள்ளித் தளவாடங்களை ஏலம் விடும் பொறுப்பு என்னிடம் வந்தது. காலொடிந்த பெஞ்சுகளோடும் துருப்பிடித்த அலமாரிகளோடும், ஆய்வகத்தில் நெடுங்காலம் இருந்த பித்தளைத் தராசுகள் நான்கும் அன்று வெளியே வந்தன. ஒரு பழைய உலோக வியாபாரி அவற்றை எடைக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். மில்லிகிராம் அளவும் பிசகாமல் நிறுத்துக் காட்டிய அத்தராசுகளைத் தம்முடைய இரும்புத் தராசில் போட்டு நிறுத்துக்கொண்டு அவர் போனார். செய்தவர் பெயர் பொறித்த அத்தகைய தராசுகளைத் தேடி அலைந்து வாங்குவோர் உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மாணவ நண்பர்களே, பழைய மோட்டார் கார்களை ஏலத்தில் வாங்குவதும் விற்பதும் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டபோது, அந்த நான்கு தராசுகளே முதலில் என் நினைவுக்கு வந்தன. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு பொருளுக்கு விலை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

சாதாரணமாக ஒரு கார், கடையை விட்டு வெளியே வந்த நாள் முதலே விலையில் இறங்கத் தொடங்குகிறது. பெரும்பாலானவை இறங்கி இறங்கிப் பழைய இரும்பாகி உலையில் உருகிவிடும். மிகச் சில மட்டும் அடிமட்டத்தைத் தொட்டபின் மீண்டும் ஏறுகின்றன. அவற்றை விற்பதற்கென்றே பெரிய ஏலங்கள் நடக்கின்றன. ஜனவரியில் அமெரிக்க நாட்டின் அரிசோனா, புளோரிடா மாநிலங்களிலும், ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரே வட்டாரத்திலும் கூடும் ஏலங்கள் பெயர் பெற்றவை. பாரிஸ் மாநகரிலும் ஆண்டுதோறும் உண்டு.

ஏலத்துக்குப் பல வாரங்கள் முன்னரே ஒவ்வொரு வண்டியின் வரலாற்றையும் கூறும் விவரப் புத்தகம் வெளியாகும். பிறகு பார்வையிடும் நாட்கள். நல்ல உடையணிந்த கனவான்கள் கையில் டார்ச் விளக்குடன் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்திருப்பதை அப்போது காணலாம். காரணம், உள்ளது உள்ளபடியே விற்பனை. வாங்கிய பின் குறை கூறிப் பயனில்லை. “இந்தத் தொகைக்குக் குறைந்தால் விற்கமாட்டேன்” என்று விற்பவர் ஓர் அடிவிலையை இரகசியமாகக் குறித்திருப்பார். அதை எட்டும் வரை, ஏலம் கூறுபவரே விற்பவர் சார்பில் விலையை ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற வழக்கமும் பல இடங்களில் உண்டு. அது விதிமுறைகளில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். சிறிய எழுத்தைப் படிக்கும் பழக்கம் வேண்டும் என்று நான் வகுப்பில் அலுக்காமல் சொல்லி வந்ததுண்டு. சுத்தியல் விழுந்த தொகையோடும் கணக்கு முடிவதில்லை. அதன்மேல் ஏலக் கம்பெனிக்கு நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்று வாங்குபவர் செலுத்த வேண்டும்.

காதால் வந்த ஒரு கேடும் உண்டு. வானொலி நேயர்கள் அதைக் கேட்க வேண்டும். 2019 ஆகஸ்டில் மான்டரேயில், 1939ஆம் ஆண்டில் உருவான போர்ஷே டைப் 64 என்னும் வண்டி மேடைக்கு வந்தது. பெர்லினிலிருந்து ரோமாபுரி வரை நடத்தத் திட்டமிட்டிருந்த பந்தயத்துக்காகச் செய்யப்பட்டது. போர் மூண்டதால் அப்பந்தயம் நடக்கவேயில்லை. அதன் விலை சுமார் 2 கோடி டாலர் என எதிர்பார்த்திருந்தார்கள். ஏலம் கூறியவர் ஆங்கிலத்தில் ‘தர்ட்டீன்’ மில்லியன் என்று தொடங்க, அது ‘தர்ட்டி’ என்று விழுந்தது. பதின்மூன்று முப்பதாயிற்று. பதினான்கு நாற்பது, பதினைந்து ஐம்பது. திரையிலே எண்கள் தாவித் தாவி எழுபது வரை போயின. கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. அப்போதுதான் ஏலம் கூறியவர், “நான் சொன்னது பதினேழு” என்றார். ஆரவாரம் கூச்சலாக மாறியது. அன்று அவ்வண்டி விற்பனையாகவேயில்லை. ஈற்றெழுத்தை விழுங்கிப் பேசும் மாணவர்களுக்கு இதைவிடச் செலவு மிகுந்த பாடத்தை நான் கண்டதில்லை.

இனி, வாங்குவோர் உண்மையில் எதை வாங்குகிறார்கள் என்று பார்ப்போம். 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ என்ற திரைப்படத்தில், ஸ்டீவ் மெக்குயின் என்ற நடிகர் சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஒரு கரும்பச்சை ஃபோர்டு மஸ்டாங் வண்டியைப் பறக்கவிடுவார். படப்பிடிப்பு முடிந்ததும் அவ்வண்டி கைமாறி, உண்மையான போலீஸ் துப்பறிவாளர் ஒருவரிடம் சென்றது. அவர் 1974இல் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். நியூஜெர்சி மாநிலத்துக் குடும்பம் ஒன்று 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மையார் ஒரு பள்ளி ஆசிரியை. உலகப் புகழ் பெற்ற அக்காரை அவர் நாள்தோறும் பள்ளிக்கு ஓட்டிச் சென்று வந்தார்! 1977இல் மெக்குயினே கடிதம் எழுதித் தமக்குத் திருப்பித் தருமாறு வேண்டினார், குடும்பம் இணங்கவில்லை. 1980இல் கிளச் பழுதாகவே வண்டியை ஒதுக்கி நிறுத்தினார்கள். பல பத்தாண்டுகள் அது நின்றபடியே நின்றது.

2020 ஜனவரியில், மகன் அதைப் புளோரிடாவின் கிஸிம்மீ நகர ஏலத்திற்குக் கொண்டுவந்தார். அடிவிலை எதுவும் குறிக்கவில்லை. 34 இலட்சம் டாலரில் சுத்தியல் விழுந்தது. நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டினால் 37 இலட்சத்து 40 ஆயிரம். கவனியுங்கள்: அவ்வண்டிக்குப் புது வண்ணம் பூசவில்லை, நசுங்கல்களை எடுக்கவில்லை. படக் கருவியைப் பொருத்துவதற்காக அடியில் பற்றவைத்த இரும்புத் தாங்கிகள் அப்படியே இருந்தன. சட்டத்தில் பொறித்த எண்ணும், நடிகரின் கடிதமும், மாறாத அந்தத் தழும்புகளும் சேர்ந்தே சாட்சி கூறின. யாரேனும் நல்லெண்ணத்தோடு பளபளப்பாகப் புதுப்பித்திருந்தால், சாட்சியில் பாதி அழிந்திருக்கும். ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த மற்றொரு மஸ்டாங்குக்கு இந்த விலையில் ஒரு சிறு துண்டும் கிடைக்காது. விற்கப்பட்டது வண்டியின் வாழ்க்கை வரலாறு. அதுவும், மெய்ப்பிக்கக்கூடிய வரலாறு.

மெய்ப்பு இத்தனை விலை பெறும் இடத்தில் பொய்யும் பிறக்கத்தானே செய்யும்? இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை 250 ஜி.டி.ஓ. என்ற பந்தய வண்டிகளை 36 மட்டுமே செய்தது. அவற்றுள் ஒன்று 2018இல் மான்டரேயில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு விலை போயிற்று. இதைக் கண்ட சிலர், அதே குடும்பத்தைச் சேர்ந்த, நான்கு பேர் அமரும் மலிவான வண்டிகளைப் பிரித்து, ஜி.டி.ஓ. போலவே வார்த்தெடுத்தனர். போலியைச் செய்ய நல்ல வண்டிகள் பல பலியாயின. எனக்கு இதுவே வருத்தமான பகுதி. விலை ஏறினால் பழம்பொருள்கள் காப்பாற்றப்படும் என்பார்கள். அதே விலைதான் இவற்றைக் கொன்றது.

விலை எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்றும் எண்ணவேண்டா. 1988இல் என்சோ ஃபெராரி காலமானதை ஒட்டி அவர் பெயர் தாங்கிய கார்களின் விலை வெறிகொண்டு ஏறியது. 1990ஐ அடுத்த ஆண்டுகளில் சரிந்தது. கடன் வாங்கி வாங்கியவர்களிடம் கொட்டகையில் வண்டியும் வங்கியில் கடனுமே மிஞ்சின.

இதுவரை ஏலத்தில் மிகுந்த விலை பெற்ற கார் 2022 மே 5ஆம் நாள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் விற்கப்பட்டது. 1955இல் இரண்டே செய்யப்பட்ட மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். மூடு வண்டிகளுள் ஒன்று. அதை வகுத்த பொறியாளர் ஊலன்ஹௌட்டின் பெயரால் வழங்குவது. அவ்வாண்டு பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் அதே இனத்துத் திறந்த வண்டி ஒன்று தூக்கியெறியப்பட்டு, எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டிறுதியில் நிறுவனம் பந்தயத்தைத் துறந்தது. ஆகவே இந்த இரு மூடு வண்டிகளும் பந்தயத்தில் ஓடியதே இல்லை. விலை 13 கோடியே 50 இலட்சம் யூரோ. விற்ற நிறுவனம் அத்தொகையை மாணவர் உதவிநிதிக்கு ஒதுக்கியது. மற்றொரு வண்டி அருங்காட்சியகத்திலேயே நிற்கிறது.

ஆயினும் என் மனம் சுற்றிச் சுற்றிச் செல்வது வேறொரு வண்டியிடம். நான் கூறிய 36 ஜி.டி.ஓ. வண்டிகளுள் ஒன்று, பந்தய நாட்கள் முடிந்ததும், 1964 வாக்கில் டெக்சாஸ் மாநிலத்து விக்டோரியா நகரின் உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாக வந்தது. மோட்டார் பழுதுபார்க்கும் வகுப்பில் அதை நிறுத்தினார்கள். 1972இல் பள்ளி அதை விற்றபோது கிடைத்தது சுமார் 6,500 டாலர். பணத்தின் மதிப்பு அன்றொன்று, இன்றொன்று. ஒரு வண்டியின் விலையை மற்றொன்றுக்கு அப்படியே ஏற்றுவதும் முறையன்று. இருந்தும் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை: ஏழாயிரம் மடங்குக்கு மேல் வருகிறது.

அப்பள்ளித் தலைவர் தவறு செய்தாரா? நான் அப்படி நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் பெட்டகம் அன்று. எட்டாண்டுக் காலம் பிள்ளைகள் அந்தப் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினின் அருகே நின்று தொழில் கற்றிருக்கிறார்கள். வேறெந்தப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைத்தது அது? வாங்கியவரோ அதை ஒஹையோ மாநிலத்தில் வெட்டவெளியில், இழுவண்டியின் மேலேயே பல ஆண்டுகள் மழையிலும் பனியிலும் விட்டுவைத்தார். 1988இல் ஸ்விட்சர்லாந்து நாட்டவர் ஒருவர் வந்து வாங்கிச் சென்றார். எண் பொறித்த சட்டம் அதே சட்டம்தான்.