தவறிய பிள்ளைகளும் நாமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மேடையேறிப் பேசும் பழக்கம் எனக்கில்லை. பார்சல் ஆபீசில் வே-பில் எழுதிப் பழகிய கை. மெட்ரிகுலேஷனோடு நின்ற படிப்பு. சற்று முன் 90 விழுக்காட்டிற்கு மேற்பெற்ற பிள்ளைகள் கோப்பை வாங்கக் கண்டு நானும் கைதட்டினேன். அவ்வேளையில் இன்று இங்கு வராத குடும்பங்களும் என் நினைவில் வந்தன. இரண்டாண்டுகளுக்கு முன் நாங்களும் வரவில்லை. உறவில் திருமணம் என்று செயலாளரிடம் கூறினேன். உண்மையில் அவ்வாண்டு என் மகன் பத்தாம் வகுப்பில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தவறியிருந்தான். எவரேனும் கேட்பரோ என்ற அச்சம் அவனைவிட எனக்கே மிகுதி.

நம் காலனிப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், விளையாட்டில் இந்தி, புத்தகத்தில் ஆங்கிலம், போதாதற்கு மராத்தி. மூன்றாம் வகுப்பில் எங்கோ ஓரிடத்தில் கை நழுவுகிறது. பத்தாம் வகுப்பில்தான் நமக்குத் தெரிய வருகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எவரையும் தேக்கி வைத்தலாகாது என்றது. 2019இல் அதனைத் திருத்தி, 5, 8 ஆகிய வகுப்புகளில் தேக்கி வைக்க இடமளித்தனர். எது நன்று என்று வாதிடுவோர் வாதிடட்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு, ஏற்றி விட்டாலும் நிறுத்தி வைத்தாலும், அதனால் மட்டும் படிப்பு வந்துவிடாது. என் மகனுக்கு இரண்டாண்டு டியூஷன் வைத்தேன். அவர் பத்தாம் வகுப்புப் பாடத்தையே நடத்தினார். பையனுக்கோ ஐந்தாம் வகுப்புப் பின்னமே விளங்கியிருக்கவில்லை. அதனைக் கண்டுபிடித்தவள் எங்கள் அண்டை வீட்டுக் கல்லூரிப் பெண்!

இது புதிய வழியன்று. 1995இல் நம் மும்பையில் தோன்றிய 'பிரதம்' அமைப்பு, பள்ளியிறுதி முடித்த உள்ளூர் இளம்பெண்களைப் 'பால்சகி' என்ற பெயரில் அமர்த்தியது. பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, நாளொன்றுக்கு 2 மணி நேரம் அடிப்படைப் பாடத்தையே கற்பித்தனர். 2019இல் நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் இதனை ஆராய்ந்து, பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்ததைக் கண்டனர்.

தால் காட்டில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம். கசாராவில் வண்டியின் பின்னே எஞ்சின் பூட்டி இகத்புரி வரை தள்ளுகிறோம். அதனால் அந்த வண்டியை மட்டமான வண்டி என்று எவரும் கூறக் கேட்டதில்லை.

பள்ளிக்கே திரும்ப மனமில்லாதோர்க்கு 1989இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு. ஐந்து பாடங்களை ஐந்தாண்டுகளுக்குள் சிறிது சிறிதாக எழுதலாம், தமிழும் எடுக்கலாம், கணக்குக் கட்டாயமில்லை. ஆனால் கணக்கை விட்டால் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் போன்ற தொழில்கள் கிட்டா. இதனை முன்கூட்டியே அறிந்து முடிவு செய்யுங்கள்.

என் மகன் ஆங்கிலத்தில் ஜூலையில் தேறினான். கணக்கில் மறு மார்ச்சில் 41 பெற்றான். கோப்பைக்குரிய எண்ணன்று, எனினும் அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். இப்பொழுது ஃபிட்டர் பயில்கிறான். இம்மேடை விளக்கையும் ஒலிபெருக்கியையும் இரவெல்லாம் விழித்துக் கட்டிய இளைஞர்களிலும் தேர்வில் தவறியவர் உண்டு. பெயர் கூறேன்.

நம் சங்கப் படிப்பறை வார நாட்களில் பூட்டியே கிடக்கிறது. அதன் சாவியை எனக்குத் தரச் செயலாளர் இசைந்துள்ளார். வரும் திங்கள் முதல் மாலை 7 மணிக்குத் திறப்பேன். எந்த வகுப்பு என்று கேட்கமாட்டோம். எதுவரை தெரியும் என்றே கேட்போம். பின்னம் கற்பிக்க எனக்குத் தெரியாது. அதற்கு நம் பெண்கள் இருவர் முன்வந்துள்ளனர். ஆங்கிலத்திற்கு ஒருவர் தேவை. பிள்ளைகளை அனுப்ப விரும்புவோர் இங்கே கை தூக்க வேண்டாம். வீட்டிற்கு வந்து கூறினால் போதும்.